கொச்சிக்காய்த் தூளில் பிழையில்லை: வாயின் உட்தோலைப் பார்க்கப் பழகுவோம்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் நான் பல் பார்க்கும் கிளினிக்குக்குப் போன வருடம் ஒரு அக்கா வந்தார். நாற்பது வயது இருக்கும். கடைவாய்ப் பல் கொதிக்கிறது என்று துண்டு எடுத்திருந்தார். ஆனால் கதிரையில் இருந்ததும் அவர் சொன்ன முதல் முறைப்பாடு பல்லைப் பற்றியது அல்ல.

"டொக்டர், இப்ப வாற கொச்சிக்காய்த் தூளெல்லாம் கலப்படம். மூணு மில்லு மாத்திப் பாத்திட்டன். கறிய வாயில வைக்க ஏலாம எரியிது."

வாயைத் திறக்கச் சொன்னேன். திறந்தார். இன்னும் கொஞ்சம் என்றேன். "இவ்வளவுதான் டொக்டர்" என்றார். என்னுடைய சின்னக் கண்ணாடி முன்பற்களுக்கு இடையால் உள்ளே போனது. கடைவாய்ப் பக்கம் திருப்ப இடமில்லை. வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தபோது, இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய கொடுப்பின் உட்பக்கம் மங்கிய பளிங்கைப்போல வெளுத்துக் கிடந்தது. விரலால் தடவினேன். மெத்தென்று விரலோடு கூட அசைய வேண்டிய சதைக்குள், மேலிருந்து கீழாக, இழுத்துக் கட்டிய கயிறுகள் மாதிரி நார் நாராகத் தட்டுப்பட்டது.

வெற்றிலை போடுகிறீர்களா என்று கேட்டேன்.

"இல்ல டொக்டர், புகையிலை ஒண்டும் தொடமாட்டன். சும்மா ஒரு பாக்குத் துண்டு மட்டும் கொடுப்புக்க வச்சிருப்பன்."

எவ்வளவு காலமாக என்றதற்குக் கலியாணம் முடித்த நாளிலிருந்து என்றார். எரிவு தொடங்கி மூன்று வருடமாம்.

அவரை நான் குறை சொல்லமாட்டேன். பல்லில் ஓட்டை விழுந்தால் பார்க்கத் தெரியும். அதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறோம். பல்லைச் சுற்றியிருக்கும் உட்தோல் எப்படி இருக்க வேண்டும், எப்படி இருந்தால் பயப்பட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. தெரியாதவர் தூளைத்தான் சந்தேகிப்பார். இனி ஒருவர் மூன்று வருடம் தவறவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

உட்தோலும் இரண்டு கிழமைக் கணக்கும்

சொண்டின் உட்பக்கத்தில் தொடங்கி, கொடுப்பு, முரசு, அண்ணம், நாக்கு, நாக்குக்கு அடியில் உள்ள தளம் என்று தொண்டை வரை போர்த்தியிருக்கும் ஈரமான தோலைத்தான் உட்தோல் என்கிறேன். பாடப்புத்தகத்தில் சீதமென்சவ்வு என்று வரும். இது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. சாப்பாடு உரசும் முரசிலும் அண்ணத்தின் முன்பாதியிலும் தடிப்பாக, எலும்போடு இறுகி ஒட்டியிருக்கும். கொடுப்பிலும் சொண்டின் உள்ளேயும் நாக்கின் அடியிலும் மெல்லியதாக, இழுபடக்கூடியதாக இருக்கும். சாதாரண வாய்ப்புண் பெரும்பாலும் இந்த மெல்லிய இடங்களில்தான் வரும். இதை நினைவில் வைத்திருங்கள்.

வெளித்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய ஒரு மாதம் எடுக்கும். வாயின் உட்தோல் அதைவிட விரைவாகப் பழையதை உதிர்த்துப் புதியதைப் போட்டுக்கொள்ளும். சுடச்சுடத் தேத்தண்ணி குடித்து அண்ணம் வெந்தால் சில நாட்களில் சுகமாகிவிடுவது அதனால்தான். இவ்வளவு வேகமாக ஆறும் இடத்தில் ஒரு புண் இரண்டு கிழமை கடந்தும் ஆறவில்லை என்றால், ஏதோ ஒன்று அதை ஆறவிடவில்லை. அது கூரான பல்லாக இருக்கலாம், கிருமியாக இருக்கலாம், இரத்தக்குறைவாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். வீட்டில் இருந்து ஊகிக்க முடியாது. புண்ணைக் கண்ட நாளைக் கலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். பதினாலாம் நாளும் அது அங்கேயே இருந்தால் கிளினிக்குக்கு வாருங்கள். நோகிறதோ இல்லையோ, வாருங்கள்.

வாயைப் பார்ப்பது எப்படி

மாதம் ஒருமுறை, ஐந்து நிமிடம். பகல் வெளிச்சத்தில் முகக்கண்ணாடி முன்னால் நில்லுங்கள். வெளிச்சம் போதாவிட்டால் போனில் உள்ள டோர்ச்சைப் பிடிக்க வீட்டில் ஒருவரைக் கூப்பிடுங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கட்டுப்பல் இருந்தால் கழற்றுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதற்குக் கீழேதான் புண் ஒளிந்திருக்கும்.

கீழ்ச் சொண்டைக் கீழே இழுத்து, மேல் சொண்டை மேலே தூக்கிப் பாருங்கள். பிறகு விரலை ஒரு பக்கக் கொடுப்புக்குள் விட்டு வெளியே இழுத்து, முன்னிருந்து கடைவாய் முடியும் இடம் வரை பாருங்கள். மற்றப் பக்கமும் அப்படியே. இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுவது முக்கியம், ஏனென்றால் இயல்பானது பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். நாக்கை நீட்டி, ஒரு சுத்தமான துணித்துண்டால் அதன் நுனியைப் பிடித்து ஒரு பக்கமாக இழுங்கள்; நாக்கின் பின் ஓரம் அப்போதுதான் தெரியும். அந்த ஓரத்தைத்தான் எல்லாரும் பார்க்காமல் விடுவார்கள். பிறகு நாக்கு நுனியால் அண்ணத்தைத் தொட்டுக்கொண்டு அடித்தளத்தைப் பாருங்கள். தலையைப் பின்னுக்குச் சாய்த்து அண்ணத்தைப் பாருங்கள். கடைசியாக உங்கள் கையின் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் இடையில் வைத்துப் பாருங்கள். மூன்றும் போக வேண்டும்.

முதல்முறை பார்ப்பவர்கள் இயல்பான சிலவற்றைக் கண்டு இரவு முழுக்க நித்திரை கொள்ளாமல் ஓடி வருவார்கள். கொடுப்பில் பற்கள் சேரும் உயரத்தில் ஒரு மெல்லிய வெள்ளைக்கோடு. அது பல் உரசுவதால் வருவது. சொண்டிலும் கொடுப்பிலும் ரவை தூவியது போன்ற மஞ்சள் புள்ளிகள். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். நாக்கின் அடிவேரில் வரிசையாக நிற்கும் பருக்கள்; எல்லாருக்கும் உண்டு. அண்ணத்தின் நடுவே கல் மாதிரி ஒரு மேடு. சிலருக்கு எலும்பே அப்படித்தான். முரசில் இரண்டு பக்கமும் ஒரே சீராகத் தெரியும் கறுப்பு. எங்கள் நிறத்தவர்களுக்கு வழமையானது. நாக்கின் மேல் தேசப்படம் வரைந்ததுபோலச் சிவப்புத் திட்டுகள் இன்று ஓரிடம், அடுத்த கிழமை வேறோரிடம் என்று இடம் மாறினால், அதுவும் தீங்கில்லாதது. இவற்றுக்கு மருந்து வேண்டாம்.

நோகும் புண்கள்

வாய்ப்புண் வந்தால் எங்கள் ஊரில் "சூடு" என்போம். பெத்தா அகத்திச் சொதி வைத்துத் தருவார். அதில் தப்பில்லை, உறைப்பில்லாத, மெதுவாகத் தொண்டையில் இறங்கும் சாப்பாடு அந்த நேரத்தில் வேண்டியதுதான். எருமைத் தயிரும் சோறும் அப்படித்தான். ஆனால் "சூடு" என்று சொல்லிவிட்டால் காரணம் தேடுவது நின்றுபோகிறது. அதுதான் எனக்குள்ள ஒரே மனத்தாங்கல்.

சாதாரண வாய்ப்புண் சின்ன வட்டமாக, நடுவில் மஞ்சள் கலந்த வெள்ளையாக, சுற்றிவரச் சிவப்பு வளையத்தோடு இருக்கும். 1 சென்ரிமீற்றருக்குள்தான் இருக்கும், ஆனால் தேசிக்காய்ப் புளி பட்டால் உயிர் போகும். ஒன்றிலிருந்து இரண்டு கிழமைக்குள் தழும்பில்லாமல் ஆறிவிடும். ஒருவரிலிருந்து ஒருவருக்குத் தொற்றாது. மனச்சுமை, சோதனைக் காலம், நித்திரைக் குறைவு, பல் கடித்த காயம், பரம்பரை எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. நுரை அதிகம் வரும் சில பற்பசைகளில் உள்ள சோடியம் லோரில் சல்பேற் என்ற பொருள் சிலருக்குப் புண்ணைக் கூட்டும். அது இல்லாத பற்பசைக்கு மாறிப் பார்க்கலாம்.

மாதாமாதம் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். இரும்புச்சத்து, போலிக் அமிலம், விற்றமின் பி12 குறைந்தவர்களுக்கு இப்படி வரும். நாக்கு வழவழவென்று பளபளத்து, சொண்டின் இரண்டு ஓரமும் வெடித்து, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லும் பெண்களைக் கண்டால் நான் புண்ணுக்கு மருந்து எழுதும் முன் இரத்தப் பரிசோதனைக்குத்தான் எழுதுவேன். புண்ணோடு கண் சிவத்தல், மறைவிடத்தில் புண், நீண்டகால வயிற்றோட்டம் என்று ஏதாவது இருந்தால் அதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். அப்போது தேட வேண்டிய நோயே வேறு.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. ஒரு கிளாஸ் இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து நாளைக்கு மூன்று நாலு தடவை கொப்பளியுங்கள். உறைப்பு, புளி, முறுக்கு மாதிரிக் கரடான தின்பண்டங்களை விட்டுவிடுங்கள். அதிகம் நொந்தால் புண்ணில் பூசும் ஸ்டிரொயிட் பசை இருக்கிறது. அதை டொக்டர் பார்த்தபின் பூசுங்கள், ஏனென்றால் கிருமியால் வந்த புண்ணுக்கு அதைப் பூசினால் கிருமி பெருகும். பல் நோவுக்கு டிஸ்பிரின் குளிசையை முரசில் அடக்கி வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அது உட்தோலைச் சுட்டு, வெள்ளையாக உரித்துவிடும். கராம்பு எண்ணெயை அப்படியே ஊற்றுவதும் அதே வேலையைத்தான் செய்யும்.

உடைந்த பல்லின் கூர், பொருந்தாத கட்டுப்பல் இரண்டும் ஓயாமல் உரசிப் புண் உண்டாக்கும். கூரை ராவிவிட்டு இரண்டு கிழமையில் திரும்பக் கூப்பிட்டுப் பார்ப்போம். காரணத்தை எடுத்தபின்னும் ஆறாத புண் எங்களுக்குக் கவலை தரும் புண்.

பிள்ளைகளின் கதை வேறு. காய்ச்சல் அடித்து, முரசு முழுக்கச் சிவந்து வீங்கி, வாய் நிறையச் சின்னச் சின்னப் புண் வந்து, எச்சில் வடித்துக்கொண்டு, சாப்பாட்டைத் தள்ளிவிட்டு அழுதால் அது பெரும்பாலும் வைரஸ். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கொப்புளம் சேர்ந்து வந்தால் கை, கால், வாய் நோய். இரண்டுமே ஒரு கிழமை, பத்து நாளில் தானாக மாறும். பயம் புண்ணில் இல்லை, பிள்ளை தண்ணீர் குடிக்காமல் விடுவதில்தான். குளிர்ந்த பால், தயிர், இளநீர், எது இறங்குகிறதோ அதைக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகவில்லை, பிள்ளை சோர்ந்து கிடக்கிறது என்றால் இரவென்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

மருந்துகளும் வாயைப் புண்ணாக்கும். நெஞ்சு நோவுக்குத் தரும் நிக்கொரண்டில் ஆழமான புண்களைக் கொண்டுவரும். அதை நீங்களாக நிறுத்தாமல் கிளினிக் டொக்டரிடம் சொல்லுங்கள். மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேற் கிழமைக்கு ஒருமுறை போடும் குளிசை. தவறுதலாகத் தினமும் போட்டால் முதலில் வாய்தான் அவிந்து போகும். அப்படி நடந்திருந்தால் அது அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விடயம். கொப்புளம் உடைந்து உடைந்து வாய் மாதக்கணக்கில் ரணமாகவே இருந்து, பிறகு உடம்பிலும் கொப்புளம் வந்தால், அது உடலே தன் தோலைத் தாக்கும் பெம்பிகஸ் போன்ற நோயாக இருக்கலாம். அதற்குத் தோல் நோய் நிபுணர் வேண்டும்.

வெள்ளை: துடைத்தால் போவதும் போகாததும்

வாயில் வெள்ளையைக் கண்டால் நான் முதலில் செய்வது ஒரு துணித்துண்டால் மெதுவாகத் துடைப்பதுதான். தயிர்க்கட்டி மாதிரி உதிர்ந்து, அடியில் சிவந்திருந்தால் அது பெரும்பாலும் பங்கசு. கைக்குழந்தைகளுக்கும், சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும், அன்ரிபயோட்டிக் நீண்ட நாள் எடுத்தவர்களுக்கும் வரும். முட்டு வருத்தத்துக்குப் பம்ப் அடிப்பவர்கள் அடித்தவுடன் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் பெரும்பாலும் தப்பிவிடலாம். கட்டுப்பல்லோடு நித்திரை கொள்பவர்களின் அண்ணம் கட்டுப்பல்லின் அச்சிலேயே சிவந்து கிடக்கும்; இரவில் கழற்றிக் கழுவி வைப்பதே அதற்குப் பாதி மருந்து. மீதிக்கு நிஸ்டற்றின் துளி போன்றவை உண்டு. காரணமே தெரியாமல் திரும்பத் திரும்ப வந்தால் சீனியையும் உடலின் எதிர்ப்புச் சக்தியையும் சோதிப்போம்.

துடைத்துப் போகாத வெள்ளையில் கவனமாக இருக்க வேண்டும். அதில் ஒரு வகை, இரண்டு கொடுப்பிலும் சிலந்தி வலையோ சரிகைப் பின்னலோ போல வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். லைக்கன் பிளேனஸ் என்று பெயர். நடுத்தர வயதுப் பெண்களிடம் அதிகம். சிலருக்கு ஒன்றும் செய்யாது; சிலருக்குச் சிவந்து ரணமாகி உறைப்பு வைக்க முடியாமல் எரியும். அடக்கி வைக்க மருந்து இருக்கிறது, அடியோடு மாற்ற இல்லை. நூறில் ஒருவர் அளவுக்கு அது புற்றுநோயாக மாறக்கூடும் என்பதால் வருடாவருடம் காட்ட வேண்டும்.

மற்றது, ஒரு பக்கத்தில் மட்டும், பெயின்ற் அடித்ததுபோலத் தடித்த வெள்ளைத் திட்டு. நோகாது, எரியாது, ஒரு தொல்லையும் தராது. புகைப்பவர்களுக்கும் வெற்றிலை, புகையிலை போடுபவர்களுக்கும் அதிகம். எல்லாம் புற்றுநோயாவதில்லை; சில ஆகும். எது ஆகும் என்று வெறும் கண்ணால் சொல்ல முடியாது. வெல்வெற்றுத் துணி மாதிரிச் செக்கச்செவேலென்ற சிவப்புத் திட்டு அதைவிட அரிது, அதைவிட ஆபத்தானது. வெள்ளையும் சிவப்பும் கலந்திருந்தால் இரண்டு கிழமைகூடப் பொறுக்க வேண்டாம்.

நோகும் புண்ணைக் காட்ட எல்லாரும் ஓடி வருகிறார்கள், அது தானாக ஆறிவிடுகிறது. நோகாத திட்டோடு பத்து வருடம் இருக்கிறார்கள். இந்தக் கிளினிக்கில் இருந்து நான் கண்ட பெரிய துக்கம் இதுதான்.

பாக்கு செய்யும் வேலை

வெற்றிலையைப் பற்றி இங்கே எழுதுவது எளிதல்ல. கலியாணப் பேச்சு வெற்றிலைத் தட்டத்தில்தான் தொடங்குகிறது. அம்மன் கோயில் சடங்குக்கும் செத்தவீட்டுக்கும் அது வேண்டும். வெட்டுக் காலத்தில் விடியற்காலை வயலுக்கு இறங்குபவருக்கு அதுதான் தேத்தண்ணி. பாக்கில் உள்ள அரெக்கோலின் என்ற பொருள் உடலை உசுப்பிப் பசியையும் களைப்பையும் மறக்கச் செய்கிறது. உழைப்பவர் அதைத் தேடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வெற்றிலை வைத்து அழைப்பதை யாரும் விட வேண்டியதில்லை. தட்டத்தில் வைப்பது வேறு, கொடுப்பில் வைப்பது வேறு.

எங்கள் சனம் புகையிலைதான் கூடாது என்று நம்பியிருக்கிறது. அந்த அக்காவும் அப்படித்தான் நம்பியிருந்தார். உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டையும், பாக்கைத் தனியாகவும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் பட்டியலில் சேர்த்தது. புகையிலை சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும்; சாராயமும் சுருட்டும் சேர்ந்தால் அதற்கும் மேல். ஆனால் பாக்கு ஒன்றே போதும்.

அந்த அக்காவுக்கு இருந்தது வாயின் உட்தோலுக்கு அடியில் நார் பிடிக்கும் நோய். அடியில் உள்ள இழையத்தில் நார் உண்டாவதும் கரைவதும் எப்போதும் சமமாக நடந்துகொண்டிருக்கும். அரெக்கோலின் நாரை உண்டாக்கும் கலங்களைத் தூண்டிவிடுகிறது. பாக்கில் இருக்கும் செம்பும் துவர்ப்புப் பொருட்களும் உண்டான நாரைக் கரையாதபடி இறுக்குகின்றன. சுண்ணாம்பு உட்தோலை அரித்துச் சாறு உள்ளே இறங்க வழி விடுகிறது. இப்படி வருடக்கணக்கில் நடந்தால் மெத்தென்ற கொடுப்பு தோல்வாராக மாறுகிறது. இரத்த ஓட்டம் குறைவதால் வெளுக்கிறது, மேற்தோல் மெலிவதால் உறைப்பு எரிகிறது. இது பெயரிடப்பட்டு அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. 1952இல் கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்களின் வாயில் கண்டு எழுதினார்கள்.

அது வரும் முறை ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். முதலில் உறைப்புத் தாங்காது. இதுதான் முதல் எச்சரிக்கை, தூளைக் குறை சொல்லும் கட்டம். பிறகு வாய் காயும், சின்னக் கொப்புளங்கள் வரும். பிறகு கொடுப்பு வெளுக்கும். பிறகு விசில் அடிக்க, பலூன் ஊத, நாக்கை முழுக்க நீட்ட முடியாமல் போகும். மூன்று விரல் இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். கடைசியில் சோற்றுப் பிடியைத் தட்டையாக்கித்தான் உள்ளே தள்ள வேண்டியிருக்கும். பிடித்த நாரைப் பழையபடி ஆக்கும் மருந்து இல்லை. பாக்கை நிறுத்தினால் மேலும் இறுகுவது பெரும்பாலும் நிற்கும், எரிவு குறையும். வாய் திறக்கும் பயிற்சி, கொடுப்புக்குள் போடும் ஊசி, மிகவும் இறுகிவிட்டால் சத்திரசிகிச்சை என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒன்று உண்டு. இந்த நோய் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குப் பின்னாளில் புற்றுநோய் வரும் என்பதால், பாக்கை விட்ட பின்னும் வாயைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

கடைகளில் சரம் சரமாகத் தொங்கும் இனிப்புப் பாக்குப் பைக்கற்றுகளைப் பிள்ளைகள் வாங்குவதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. இந்த நோய்க்கு வயது இல்லை. பத்து வயதில் தொடங்கினால் இருபதில் வாய் இறுகலாம்.

விடுவது கஷ்டம், தெரியும். பாக்குக்கு அடிமையாவது உண்மை. நிறுத்தினால் தலையிடி, எரிச்சல், நித்திரைக் குழப்பம் வரும். ஒரேயடியாக முடியாதவர் முதலில் இரவு கொடுப்பில் அடக்கிக்கொண்டு படுப்பதை நிறுத்தட்டும். பிறகு புகையிலை, பிறகு பாக்கு. வாய் சும்மா இருக்க ஏலாது என்பவர்களுக்குச் சீரகம், கராம்புத் துண்டு, ஏலக்காய் உதவும். ஒரு வீட்டில் இருவர் சேர்ந்து விட்டால் இலகு.

கிளினிக்கில் என்ன நடக்கும்

இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப் புற்றுநோய்க்கு. ஆறாத புண், தடித்த ஓரம், தொட்டால் இரத்தம் கசிதல், காரணமில்லாமல் பல் ஆடுதல், சொண்டோ நாக்கோ விறைத்துப் போதல், விழுங்கக் கஷ்டம், கழுத்தில் நோகாத கட்டி இவை அதன் அடையாளங்கள். ஆனால் இவ்வளவும் வரும் வரை பார்த்திருக்கத் தேவையே இல்லை. வாய் என்பது திறந்தால் தெரியும் இடம். கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஏறத்தாழ 190,000 பேரை வைத்து நடந்த ஆய்வொன்றின் முடிவு 2005இல் வெளியானது. பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய் வெறும் கண்ணால் வாயைப் பார்த்த ஊர்களில், புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பார்த்தவர்கள் டொக்டர்கள் அல்லர். 1980களின் தொடக்கத்தில் இலங்கையிலும் கிராமத்துச் சுகாதார ஊழியர்களைப் பழக்கி இப்படிப் பார்க்க வைத்தார்கள், அவர்களால் முடிந்தது. அதனால்தான் கண்ணாடியும் டோர்ச்சும் எடுங்கள் என்று உங்களிடம் துணிந்து சொல்கிறேன்.

சந்தேகம் வந்தால் பக்கத்தில் உள்ள அரச ஆஸ்பத்திரியின் பல் கிளினிக்குக்குப் போங்கள். காசில்லை. அங்கிருந்து தேவைப்பட்டால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ அம்பாறையிலோ உள்ள வாய், முக சத்திரசிகிச்சைப் பிரிவுக்குத் துண்டு தருவார்கள். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கும்வரை பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் ஆற்றைக் கடக்க வேண்டும் என்று காரணம் சொல்லலாம். இப்போது அந்தத் தூரம் இல்லை. போகும்போது நீங்கள் போடும் மருந்துகளின் பைக்கற்றுகளைக் கொண்டு போங்கள். வெற்றிலை, சாராயம் பற்றிக் கேட்டால் உள்ளபடி சொல்லுங்கள், ஏசுவதற்காகக் கேட்பதில்லை.

பயொப்சி, அதாவது சதையில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது, வேண்டும் என்றால் பயப்பட வேண்டாம். பல் பிடுங்கப் போடும் அதே விறைப்பூசி. சந்தேகமான இடத்தில் ஒரு மிளகு அளவு துண்டு எடுத்து, ஒன்றிரண்டு தையல் போட்டு அனுப்புவார்கள். நாலைந்து நாள் கொஞ்சம் நோகும். "கத்தி பட்டால் பரவும்" என்ற பேச்சை நம்பிப் பரியாரியாரிடம் பத்துப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டு, கன்னம் துளைத்த பின் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். துண்டு எடுப்பதால் புற்றுநோய் பரவுவதில்லை. எடுக்காமல் விட்ட மாதங்களில்தான் பரவுகிறது. சின்னதாக இருக்கும்போது வெட்டி எடுத்தால் பெரும்பாலானோர் பிழைத்துக்கொள்கிறார்கள், பேச்சும் சாப்பாடும் ஏறக்குறையப் பழையபடி இருக்கும்.

அந்த அக்காவுக்கும் பயொப்சி எடுத்தார்கள். புற்றுநோய் இல்லை. பாக்கை அன்றைக்கே நிறுத்தினார். முதல் மாதம் தலையிடியால் மிகவும் கஷ்டப்பட்டார். ஐஸ்கிறீம் குச்சிகளை அடுக்கி இரண்டு பக்கக் கடைவாய்ப் பற்களுக்கும் இடையில் வைத்து, இறுக்கமாகும்வரை ஒவ்வொன்றாகக் கூட்டி, ஒரு நிமிடம் பிடித்து எடுக்கும் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்திருந்தேன். நாளைக்கு ஐந்து தடவை செய்கிறாராம். தொடங்கிய நாள் பதினொரு குச்சி. போன கிழமை வந்தபோது பதினாலு. எரிவு முழுதாகப் போகவில்லை, ஆனால் உறைப்புப் போக மீன்கறியைத் தனியாகக் கழுவிச் சாப்பிடுவது இப்போது இல்லை என்றார்.

கூட ஒரு வயதான அம்மா வந்து வாசல் வாங்கில் இருந்தார். மடியில் வெற்றிலைப் பை. "எங்கட அம்மா டொக்டர். வரமாட்டன் எண்டவ, நான்தான் கூட்டி வந்தன். இவட வாயையும் ஒருக்காப் பாருங்க."